தட்டைத் தீவில் ஒரு மலை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் அக்கா லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுழலும் கல் சக்கரத்தின் மேல் சிறு குழாயிலிருந்து நீர் விழுந்துகொண்டே இருக்கும். நீர் நின்றால் லென்ஸ் சூடேறி வீணாகிவிடும். அதனால் அவள் யாரோடு பேசினாலும் பார்வை குழாயில்தான்.

"என்னடா லிஃப்ட்டு, வேலை நேரத்துல இந்தப் பக்கம்? எவனாவது நடுவுல மாட்டிக்கிட்டானா?"

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நான் லிஃப்ட்டுதான்.

"நான்தான் மாட்டிக்கிட்டிருக்கேன். வெள்ளிக்கிழமையோட நம்ம இணையதளத்து முகவரி காலாவதி ஆகுது. உன் பேர்ல இருக்கு. நீதான் புதுப்பிக்கணும்."

"இந்தத் தடவை மாட்டேன்னு சொல்லிட்டேனே."

"பதிவையெல்லாம் வேற எடத்துக்கு மாத்திடலாம்க்கா. ஆனா வர்றவங்க பழைய கதவைத் தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. எல்லாம் சிதறிடும்."

"சிதறட்டும். அது நம்ம தீவே இல்ல. அதுல மலை இருக்கு."

அந்த மலையின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கக்கூடிய, தட்டையான குட்டித் தீவு. மேற்கு முனையில் துறைமுகம், கிழக்கு முனையில் கலங்கரை விளக்கம். விளக்கைப் பார்த்துக்கொள்ளும் காவலர் மாடத்தில் வந்து நின்று அன்றைய வானிலையைச் சொன்ன பிறகுதான் கதை தொடங்கும். தொடர் வாரத்தில் ஒரு நாள்தான். "மத்த நாள்ல அங்க என்ன வானிலை?" என்று அக்கா கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே நாங்கள் இருவரும் ஒரு ரசிகர் தளம் தொடங்கினோம். முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாள் தீவின் வானிலையை எழுத வேண்டும். அக்கா இரண்டே விதிகள் போட்டாள். இன்றைய வானிலை நேற்றைய வானிலையிலிருந்து வர வேண்டும். எழுதியதை யாரும் அழிக்கக் கூடாது. பெய்த மழையைத் திரும்ப மேலே அனுப்ப முடியாதல்லவா?

கூட்டம் குவிந்தது. காவலராக நடித்தவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொல்லவே பாதிப்பேர் வந்தார்கள். தொடர் முடிந்ததும் அவருடைய அடுத்த தொடருக்குப் போனார்கள். அரட்டைக்கு வந்தவர்களைப் புதிய செயலிகள் இழுத்துக்கொண்டன. வானிலை எழுதுபவர்கள் மட்டும் நின்றோம்.

அப்போதுதான் 'தூங்காத கோழி' என்ற புதியவர், தன் முறை இல்லாத நாளில் எழுதிவிட்டார். துறைமுகத்தில் கொட்டும் மழை என்றார் அவர். அன்றைக்கு முறைக்காரர் ஏற்கெனவே எழுதியிருந்தது: கலங்கரை விளக்கத்தில் சுள்ளென்று வெயில், காவலரின் துணிகள் நொடியில் உலர்ந்தன. இரண்டையும் அழிக்க முடியாது. இவ்வளவு சிறிய தீவில் இரண்டும் எப்படி நடக்கும்?

நடக்கும், நடுவில் ஒரு மலை இருந்தால். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும். ஏறினால் குளிரும். குளிர்ந்தால் ஈரம் மழையாகக் கொட்டிவிடும். மறுபக்கம் இறங்கும்போது காற்றில் ஈரம் மிச்சமில்லை. இறங்க இறங்க சூடும் ஏறும். ஒரு பக்கம் குடை, மறுபக்கம் உலர்ந்த துணி. இதைக் கண்டுபிடித்தபோது நான் வேலை பார்த்த லிஃப்ட்டின் கூரைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு தவறும் ஒரு விதியும் சேர்ந்து ஒரு மலையை எழுப்பிவிட்டன!

"தொடர்ல மலை கெடையாது" என்றாள் அக்கா. எல்லோரும் மலையின் பக்கம் நின்றார்கள். அன்று வெளியேறியவள் பிறகு உள்ளே எட்டிப் பார்க்கவே இல்லை. முகவரியை மட்டும் ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பித்துவந்தாள்.

"இப்ப இருக்கிறவங்கள்ல எத்தன பேரு தொடரைப் பாத்திருக்காங்க?" என்று கேட்டாள் அக்கா, குழாயிலிருந்து பார்வையை எடுக்காமல்.

"நாலஞ்சு பேர் இருந்தா அதிகம். ஒரு பொண்ணு இப்பதான் பாத்துச்சாம். 'மலையைக் காட்டவே இல்ல, சரியா எடுக்கத் தெரியாம எடுத்திருக்காங்க'ன்னு எழுதியிருந்துச்சு."

அக்கா சக்கரத்தை நிறுத்தினாள். "திமிரப் பாரு! குடு உன் போனை. இன்னிக்கு யாரு முறை?"

"யாரும் எடுக்கல."

பழைய கணக்கின் கடவுச்சொல் அவளுக்கு மறந்துபோயிருந்தது. 'கண்ணாடிக்காரி' என்று புதுக் கணக்குத் தொடங்கினாள். ஈர விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுதினாள்: 'மேற்கிலிருந்து நேராக வந்த மழை, துறைமுகத்தை நனைத்த வேகத்திலேயே கலங்கரை விளக்கத்தையும் நனைத்தது. நடுவில் எதுவும் தடுக்கவில்லை.'

"அக்கா! வேணும்னே பண்றே."

"அழிக்க முடியாதுல்ல? இப்ப உங்க மலையை எங்க கொண்டுபோய் வைப்பீங்கன்னு பாப்போம்."

முகவரியைப் புதுப்பிக்கச் சொல்ல வந்தவன், தளத்துக்குள்ளேயே சண்டையை மூட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை வரைகூடத் தளம் தாங்காது போலிருந்தது.

முதல் பதில் வந்தது. 'வாங்க கண்ணாடிக்காரி. புதுசா வந்திருக்கீங்க, விதிகளை ஒருதடவை படிச்சிடுங்க. ரெண்டுதான்.'

"எனக்கேவாடா?" என்றாள் அக்கா. ஆனாலும் போனைத் திருப்பித் தரவில்லை.

அடுத்தது தூங்காத கோழி. 'யாரும் அவங்களைத் திட்டாதீங்க. நானும் இப்படித்தான் வந்தேன். மழை பெஞ்சிருக்குன்னா வழி இருக்கணும். தேடுங்க.'

தேடினார்கள். ஒரு கப்பல் சமையல்காரர், மலைக்கு நடுவே ஒரு கணவாய் இருந்தால் காற்று அதற்குள் நெருங்கி இன்னும் வேகமாகப் பாயும் என்றார். வானிலை படிக்கும் ஒரு மாணவி, அப்படியானால் காற்று மிகச் சரியாக மேற்கிலிருந்து வரும் நாளில் மட்டுமே மழை கலங்கரை விளக்கம்வரை வரும், இத்தனை காலம் நமக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம் என்றாள். யாரோ படம் வரைந்துவிட்டார். பிறகு ஒருவர், எங்கிருந்தோ தோண்டி, தளத்தின் தொடக்க காலப் பதிவொன்றை எடுத்துப் போட்டார்: 'இன்று கலங்கரை விளக்கத்தின் மூன்றாம் ஜன்னல் மட்டும் நனைந்தது. மற்றவை காய்ந்தே இருந்தன.' கீழே அவர் எழுதியிருந்தார்: 'யாரும் இதுக்கு விளக்கம் சொல்லல. கணவாய் அப்பவே இருந்திருக்கு. அந்த ஜன்னலுக்கு நேரா.'

அக்கா அந்தப் பழைய பதிவின் மேல் விரலை வைத்தாள்.

"டேய். இது நான் எழுதுனது."

"தெரியும்க்கா."

"சும்மா எழுதுனேன்டா. ஒரு காட்சியில அந்த ஒரு ஜன்னல்ல மட்டும் தண்ணி வழிஞ்சுது. எடுத்தவங்க மத்ததுல தெளிக்க மறந்திருப்பாங்க."

முன்பின் தெரியாத அத்தனை பேர், அவள் எழுதிய இரண்டையும் அழிக்காமல், இரண்டும் உண்மையாவதற்காக ஒரு மலையைப் பிளந்திருந்தார்கள். இரண்டையும் எழுதியது ஒரே கை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்தாள். முகவரியைப் புதுப்பிக்கும் பக்கத்தைத் திறந்து, பொத்தானை அழுத்தி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாதே. மலையை நான் இன்னும் ஒத்துக்கல." என் போனை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஆனா அந்தக் கணவாயைத் தப்பா வரைஞ்சிருக்கான்டா. மூணாம் ஜன்னல் இன்னும் கொஞ்சம் வடக்கால இருக்கு. இதுல படத்துக்குக் கீழ எழுதறது எப்படி?"

நிறுத்திய சக்கரத்தின் மேல் குழாய்நீர் வீணாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.