பீப்பாய்க்கு வழிவிடாத தட்டு

வெலிகோ கிழவர் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துணிப்பை, பின்னால் ஒரு நீலப் பீப்பாய். பையை யாரும் கண்டுகொள்ளவில்லை. பீப்பாயைத்தான் மகன் கமென் மூச்சு வாங்க ஐந்தாம் மாடிக்குத் தூக்கி வந்தான். லிஃப்டுக்குள் அது நுழையவில்லை.

நவம்பரில், ஆற்றங்கரையில் இருக்கிற ரூசே நகரத்தில் எந்த வீட்டுப் பால்கனியைப் பார்த்தாலும் இப்படி ஒரு பீப்பாய் நிற்கும். முழு முட்டைக்கோஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, புளிக்க வைத்து, குளிர்காலம் பூராவும் தின்று தீர்க்காவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு இறங்காது. வெலிகோவுக்கோ அது சோறு மட்டுமல்ல, சாக்கும்கூட. வந்து தங்குங்கள் என்று மருமகள் ரலிட்சா கூப்பிடும்போதெல்லாம், "என் பீப்பாயை எங்கம்மா வைக்கிறது?" என்று கேட்டே தட்டிக் கழித்துவந்தார்.

போன குளிர்காலத்தில், கிராமத்தில் தனியாக இருந்தபோது, விறகெடுக்கப் போன மனிதர் பனியில் வழுக்கி விழுந்து, தபால்காரர் பார்க்கும்வரை முற்றத்திலேயே கிடந்தார். எலும்பு முறியவில்லை, அது அவர் செய்த புண்ணியம். ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அவருடைய நீலம் பாரித்த விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ரலிட்சாவுக்கு அந்தப் பயம் இன்னும் விட்டுப் போகவில்லை. இன்னொரு குளிர்காலம் அவரைத் தனியாக விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். பெற்ற மகனை விட அவளுக்குத்தான் தவிப்பு அதிகம்.

பால்கனியில் நாள் பூராவும் வெயில் அடிக்கும். வெயில் பட்டால் கோஸ் குழைந்துவிடும். நிழல் என்று பார்த்தால் மூலையில் நிற்கிற அலமாரி ஒன்றுதான். அதன் நடுவே ஒரு தட்டு, பீப்பாய்க்குக் குறுக்கே நின்றது. மற்ற தட்டுகள் எல்லாம் கையோடு கழன்று வந்தன. நடுத்தட்டு மட்டும் ஆடவில்லை, அசையவில்லை.

"அது வராது. நான் பசை போட்டு மாட்டினது," என்றார் வெலிகோ, ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தபடி. அந்த அலமாரி அவர் வாங்கிக் கொடுத்தது, அவரே பூட்டிக் கொடுத்தது.

"பசை எதுக்குப்பா? கடைக்காரன் திருகாணி போட்டுத்தானே கொடுத்திருக்கான்?" என்றான் கமென்.

"பசை கொடுக்க அவன் மறந்துட்டான். நான் மறக்கல. பின்பக்கம் ஆணியும் அடிச்சிருக்கேன்."

அந்த ஊர் ஆண்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. கழற்றி மாட்டுகிற சாமானைக் கையில் கொடுத்தால், கழற்றவே முடியாதபடி மாட்டினால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

கமென் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெலிகோ கையை நீட்டித் தடுத்தார்.

"நில்லுடா. ஒண்ணு சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. உங்க வீட்டுச் சாமானை உடைச்சுக்கிட்டு நான் இங்க குடியேற மாட்டேன். பலகை பிளந்துச்சுன்னா பீப்பாயும் நானும் வந்த வழியே போயிடுவோம்."

சொல்லும்போது மனிதர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ரலிட்சாவுக்குப் புரிந்துவிட்டது. கிழவர் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"சுத்தியலை வைங்க," என்றாள் புருஷனிடம். "அதால ஒரு தட்டு தட்டினா இது பிஸ்கட் மாதிரி உதிரும். வெறும் மரத்தூளுங்க. தலைமுடியில ஒட்டின சவுரியை என்கிட்ட வந்து கழட்டிக்கிறாங்களே, ஒரு மயிராவது பிடுங்கி அனுப்பியிருக்கேனா?"

அவளுக்கு முடி திருத்தும் கடையில் வேலை. ஹேர் டிரையர், முடிச்சாயம் பூசுகிற பிரஷ், ஒரு குவளை சூடான வினிகர், பழைய பஸ் அட்டை என்று எல்லாவற்றையும் பால்கனிக்குக் கொண்டுவந்தாள்.

முதலில் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் பிடுங்கினாள். தட்டின் அடியில் இருந்த வட்டத் திருகுகளைத் திருப்பித் தளர்த்தினாள். பிறகு தட்டும் பக்கப் பலகையும் சேரும் இடுக்கில் பிரஷால் வினிகரைத் தடவி, டிரையரால் சூடு காட்டினாள். மறுபடி தடவினாள், மறுபடி சூடு காட்டினாள்.

"அலமாரிக்குச் சாயம் பூசுறியா, சுருட்டை வைக்கிறியா?" என்றார் வெலிகோ.

"உங்களுக்கும் வெச்சு விடறேன் மாமா, வரிசையில உட்காருங்க."

"எனக்கு எங்கம்மா இருக்கு முடி?"

பேச்சு கொடுத்துக்கொண்டே பஸ் அட்டையை இடுக்கில் செருகிப் பார்த்தாள். நகக்கண் அளவு இறங்கி நின்றது. அவசரப்படவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, அலமாரிக்குச் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெலிகோவால் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்டூல் ஓரமாய் நகர்ந்தது, முன்னால் நகர்ந்தது, கடைசியில் அவர் அலமாரிக்குள்ளேயே தலையை விட்டிருந்தார்.

"இடது பக்கம் சூடு காட்டாத. அங்க பசை கம்மி, டியூப் தீர்ந்துபோச்சு. வலது பக்கம்தான் தாராளமா விட்டேன்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"நீ எங்க கேட்ட?"

மேல் பலகையின் திருகுகளைக் கமென் தளர்த்தி, பக்கப் பலகையை ஒரு விரல் அளவு வெளியே இழுத்துப் பிடித்தான். ரலிட்சா ரப்பர் செருப்பில் துண்டைச் சுற்றி, தட்டின் அடியில் மெதுவாகத் தட்டினாள். இரண்டு தட்டு தட்டியதும் 'களுக்' என்று ஒரு சத்தம். வலது பக்கம் விட்டது. இடது பக்கம் தானாகவே கழன்றது. முழுத் தட்டும் அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. பலகையில் ஒரு சிராய்ப்பு இல்லை.

வெலிகோ விரலால் தடவித் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பலகைகள் விலகாமலிருக்க, அதே ஓட்டைகளில் பின்பக்கமாய் ஒரு குறுக்குச் சட்டத்தைக் கமென் பூட்டினான். பீப்பாயைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அளவெடுத்துச் செய்தாற்போல் உட்கார்ந்தது. ரலிட்சாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

கதவு மூடிக்கொள்ளவில்லை.

பீப்பாயின் அடியில், உப்புத் தண்ணீரை இறக்குகிற குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரல் இடைவெளி. பீப்பாயைத் திருப்பி வைத்தால் குழாயைத் திறக்க முடியாது. கதவைத் திறந்து வைத்தால் வெயில் உள்ளே வரும்.

கமென் கழுத்தைச் சொறிந்தான். அரை நாள் பாடுபட்டு, கிழவருக்கு இதைவிட நல்ல சாக்கு ஒன்றைத் தானே தேடிக் கொடுத்துவிட்டோமே என்று ரலிட்சாவுக்கு மனசு வெந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெலிகோ எழுந்தார். உள்ளே போய்த் தன் துணிப்பையை எடுத்தார். போச்சு, கிளம்புகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பையிலிருந்து ஒரு திருப்புளியும் ஒரு பழைய கம்பளிப் போர்வையும் வெளியே வந்தன. மனிதர் அலமாரி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, கதவின் கீலை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். மூன்றாவது கீலில் திருப்புளி வழுக்கி, பலகை மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்தது.

"அப்பா, கீறிட்டீங்களே," என்றான் கமென்.

"அது கடையில வாங்கும்போதே இருந்துச்சு," என்றார் வெலிகோ, திரும்பிப் பார்க்காமல்.

கதவை எடுத்து ஓரமாய்ச் சாத்தி வைத்தார். கம்பளியை மடித்துத் திரைபோல் மேலிருந்து தொங்கவிட்டார். குழாய் கம்பளிக்கு அடியில் சமர்த்தாக எட்டிப் பார்த்தது. கை ஊன்றி எழ முயன்றார், முடியவில்லை. ரலிட்சா தோளைக் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர் பிடியை உடனே விடவில்லை.

"கோஸைப் பீப்பாயில போட்டுட்டு அப்படியே போயிட முடியாதும்மா. தண்ணியை இறக்கி இறக்கி மேல ஊத்திக்கிட்டே இருக்கணும். உங்க ரெண்டு பேரையும் நம்பி விட்டா வீணாப் போயிடும்."

"எத்தனை நாளைக்கு மாமா ஊத்தணும்?"

வெலிகோ ஆற்றுப் பக்கம் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"பனி உருகற வரைக்கும்."

மூன்று வாரம் போனால் கோஸ் தன்பாட்டில் புளித்துவிடும், அதற்கப்புறம் யாரும் தண்ணீரை இறக்கி ஊற்றுவதில்லை. ரூசேயில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். ரலிட்சாவும் ரூசேயில் பிறந்தவள்தான்.

"அப்ப ரொம்ப வேலைதான் மாமா," என்று சொல்லிவிட்டு உப்பு எடுத்துவர உள்ளே போனாள்.