ஒரு கைக்கு அடங்காத போன்

அவர் எந்தப் பொருளையும் நம்பி வீட்டுக்குள் விட்டவர் இல்லை. குடை வாங்கினால் கடை வாசலிலேயே விரித்து மடக்கி, விரித்து மடக்கி, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிற வரை ஓயமாட்டார். நாற்காலி வாங்கப் போனால் உட்கார்ந்து பார்ப்பதோடு விடமாட்டார், எழுந்து பார்ப்பார். "உக்காரும்போது எல்லா நாற்காலியும் நல்லதுதான். எந்திரிக்கும்போதுதான் அதோட குணம் தெரியும்" என்பார்.

அலமாரிக் கதவுகளுக்குக் கீல் செய்கிற தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு அவருடையது. கீல் மாட்டிய கதவை நாள் முழுக்கத் திறந்து மூட அங்கே ஓர் இயந்திரம் உண்டு. அதையும் நம்பாமல் பக்கத்தில் நின்று கையால் வேறு திறந்து மூடுவார். தேறாத கீலில் சிவப்பு நூல் கட்டி ஒதுக்கிவிடுவார். நூல் வீட்டிலிருந்துதான் போகும். மனைவி முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் உடுப்பு தைத்துக்கொண்டிருந்ததால் நூலுக்குப் பஞ்சமில்லை.

கீலில் மயிரிழை கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற அந்த மனிதருக்கு, பக்கத்தில் இருந்தவளின் கண் மங்கிக்கொண்டு வந்தது மட்டும் தெரியாது. தெரியாதபடி அவள் பார்த்துக்கொண்டாள். காலை வெயில் ஜன்னலில் விழும்போதே ஊசிகளில் நூல் கோத்துச் சின்னப் பஞ்சு மெத்தையில் குத்தி வைத்துக்கொள்வாள். மற்றதை விரல்கள் பழக்கத்தில் பார்த்துக்கொண்டன. பட்டன் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப்போய்க் கண் டாக்டரையும் பார்த்துவிட்டாள். கண்ணாடியை மாற்றி இனிமேல் பயனில்லை, எதையும் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்டு என்றார் டாக்டர். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் தையல் மெஷினுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவாரோ என்று பயம்.

ஆனால் அவளை அரித்துக்கொண்டிருந்தது மெஷின் இல்லை, மகள். ஒரே மகள், பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அந்த வீட்டில் எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். மகள் வேலைக்காக வேறு ஊருக்குப் போன பிறகும் பழக்கம் போகவில்லை. வாய் நிறைய குண்டூசியோடு அம்மா அவரிடம் கையாலேயே சண்டை போடுவாள். மகள் பல்செட் செய்கிற கூடத்தில் இருந்தாள். மதிய இடைவேளையில், கையில் அச்சு மாவு காயாமலே வீடியோவில் வருவாள். உள்ளங்கை அகலப் பழைய போனில் அந்த வெள்ளை விரல்கள் பஞ்சு பறப்பது மாதிரி இருக்கும். அம்மா முகத்தைப் பார்த்து உத்தேசமாகத் தலையாட்டுவாள். ஒருநாள் ஜன்னல் அளவுகள் வந்து சேர்ந்தன. மகளோடு தங்கியிருக்கும் பெண்ணுக்குத் திரைச்சீலை தைத்துத் தருவதாகத் தலையாட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

எழுதி அனுப்பச் சொல்லலாம். எழுத்தில் மகள் யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி மரியாதையாக இருப்பாள். கையால் பேசும்போதுதான் வம்பு, கேலி, சிணுங்கல் எல்லாம் வரும். அது போய்விட்டால் மகளில் பாதி போன மாதிரி.

இப்படி இருக்கையில்தான் மகள் ஒரு போன் அனுப்பினாள். விலை உயர்ந்தது, திரை பெரியது. பிடிக்காவிட்டால் இரண்டு வாரத்துக்குள் திருப்பிவிடலாம் என்று சேதி. அந்தச் சேதியை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சோதிக்க இரண்டு வாரம் இருக்கிறது.

பெட்டியைத் தொடுவதற்குள் மனைவியின் தம்பி வந்து நின்றான். பகலில் காப்பீடு விற்பான். சாயங்காலங்களில் போன்களை அலசி இணையத்தில் வீடியோ போடுவான். வீட்டில் அவனுக்கு ரிவ்யூ என்றே பேர். அவன் வீடியோக்களை அதிகம் பார்த்தவன் அவன்தான்.

"மாமா, கை வைக்காதீங்க. பெட்டியத் திறக்கறதுதான் முக்கால்வாசி ரிவ்யூ."

"அப்ப போனு?"

"அது கால்வாசி."

கேமராவுக்காகப் பெட்டியைத் திறந்தான், வெளிச்சம் சரியில்லை என்று மூடினான், மறுபடி திறந்தான். அவர் மூடியை மட்டும் வாங்கி, பெட்டி மேல் வைத்துக் கையை எடுத்தார். அது மூச்சு விடுகிற மாதிரி மெதுவாக இறங்கியது.

"மூடி தேறிடுச்சு. இதைச் செஞ்சவன் வேலை தெரிஞ்சவன். உள்ள இருக்கறதைச் செஞ்சவனப் பத்தி அப்புறம் சொல்றேன்."

"ஏங்க, இதுல மகளைக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா?" என்று அவள் கை நீட்டினாள்.

"டெஸ்ட்ல இருக்கற பீஸை யாரும் யூஸ் பண்ணக் கூடாது. தொழிற்சாலை ரூல்."

"யூஸ் பண்ணாம, தினப்படி யூஸுக்கு ஆகுமா ஆகாதான்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் டெஸ்டு."

தம்பிக்கு இந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போய், தன் வீடியோவில் சேர்த்துக்கொண்டான்.

சோதனை நடந்தது. சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு செருப்பு வாரை மாட்டக் குனிந்தார். போன் முந்திக்கொண்டு செருப்பில் விழுந்தது. மல்லாந்து படுத்துப் பார்த்தார், மூக்கில் விழுந்தது. மூக்கைத் தடவிக்கொண்டு, "நல்ல கனம்" என்றார். பூட்டைத் திறக்கக் கட்டைவிரலை வைத்தார். காலமெல்லாம் இரும்பில் தேய்ந்து வழவழத்துப்போன விரலைப் போன் யாரோ என்று ஒதுக்கியது. துடைத்து வைத்தார், ஈரத்தோடு வைத்தார், எண்ணெய் தொட்டு வைத்தார். கடைசியில் பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டார். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் போனைப் பிடித்தபோது, கட்டைவிரல் திரையின் மேல்மூலைக்கு எட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்து, "உங்களுக்கு எட்டுதா பாருங்க" என்றாராம். எட்டியதாம். அந்த ஆள் பூட்டுச் செய்கிறவர் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

தம்பியின் சோதனை வேறு. மொட்டைமாடிக்குப் போய் நிலாவைப் படம் பிடித்து வந்தான்.

"பள்ளம் பள்ளமாத் தெரியுது பாருங்க மாமா. டெய்லி யூஸுக்கு இதை அடிக்க ஆளில்ல."

"தினமும் நிலாவுல நமக்கு என்னடா ஜோலி?"

"வேணும்னா பாக்கலாம்னு ஒரு நிம்மதி மாமா."

அவள் படத்தை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தாள். பள்ளங்கள் அவளுக்கும் தெரிந்தன. "அவ்வளவு தூரத்துல இருக்கறதே தெரியுதுன்னா..." என்று ஆரம்பித்தவள், மீதியைக் குண்டூசிகளோடு வாயில் அடக்கிக்கொண்டாள்.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. அவர் வேலைக்குப் போயிருந்தார். மதியம் பழைய போன் கிணுகிணுத்தது. அவள் அதை எடுக்கவில்லை. அலமாரியைத் திறந்து, சோதனையில் இருக்கும் பீஸை எடுத்து, நூல் டப்பாவில் சாய்த்து நிறுத்தி, மகளை அதில் கூப்பிட்டாள்.

திரையில் மகள் வந்தாள். பஞ்சு இல்லை, விரல்கள். நகக் கண்ணில் மாவு, ஆள்காட்டி விரலில் ஒரு கட்டு, சட்டைக் கையில் தானே தைத்த கோணல் தையல். அம்மாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, அந்தத் தையலைப் பார்த்து.

'இப்பத் தெரியுதா?' என்றாள் மகள் கையால்.

'எப்பவும் தெரியுமே.'

'பொய்யி. என் பூனை செத்துப்போச்சுன்னு போன மாசம் சொன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே, ரொம்ப நல்லது, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுன்னே.'

அவள் கைகள் மடியில் விழுந்தன. அந்தப் பூனையைப் பற்றி மகள் எவ்வளவு பேசியிருப்பாள்.

'அன்னிக்கு ராத்திரிதான் இந்தப் போனுக்குச் சொல்லி வெச்சேன். அப்பாகிட்ட சொல்லல. நீயே சொல்லுவேன்னு பாத்தேன்' என்றாள் மகள்.

பதில் சொல்ல அவள் கை எடுக்கும்போது நூல் டப்பா நகர்ந்து போன் வழுக்கிக் கவிழ்ந்தது. நிமிர்த்தினாள்; மறுபடி வழுக்கியது. கத்தரிக்கோலை முட்டுக் கொடுத்தாள், அதுவும் தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பூனையைச் சொல்லப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கைப்பேச்சில் பூனைக்கு இரண்டு கன்னத்திலும் மீசை இழுக்க வேண்டும். ஒரு பக்க மீசையோடு அம்மா திக்குவதைப் பார்த்து மகள் சிரித்துவிட்டாள். அழுதுகொண்டும் இருந்தாள். இரண்டும் அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்தன.

சாயங்காலம் தீர்ப்பு. தம்பி கேமராவோடு வந்திருந்தான். அவர் நூல் டப்பாவைத் திறந்து சிவப்பை எடுத்துப் போனைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"தேறல."

"மாமா, நிலா..."

"நிலா தேறிடுச்சு. மூடி தேறிடுச்சு. ஆனா ஒரு கையால பிடிச்சு அதே கையால வேலை பாக்க முடியல. முடியலைன்னா தினப்படி யூஸுக்கு ஆகாது. காலையில ஆள் வந்தா குடுத்துடு."

அவள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மெத்தையில் குத்தினாள்.

"ஏங்க, இந்த வீட்ல ஒரு கையில பேசறவங்க யாரு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கையில பிடிக்கணும், ஒரு கையில பிடிக்கணும்னு ரெண்டு வாரமா பஸ்ஸுலயும் கட்டில்லயும் டெஸ்டு பண்றீங்களே. இதை யாருங்க கையில பிடிக்கப் போறா? பிடிச்சா நாம பாதி ஊமை. ஒரு பக்க மீசையோட பூனைய எப்படிச் சொல்றது?"

"எந்தப் பூனை?"

சொன்னாள். பூனை, திரைச்சீலை, டாக்டர், வெயிலில் கோத்த ஊசிகள், எல்லாம் வந்தது. தம்பி கேமராவை மெதுவாகத் தரையில் வைத்தான். அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். எழுந்துபோய் அறை நடுவில் நின்று கையால் ஏதோ சொன்னார்.

"விளக்கு" என்றாள்.

கதவருகே போய்ச் சொன்னார்.

"சாவியா?" என்றாள். சரிதான்.

நடைக்குள் போய் நின்று சொன்னார். அவள் கண்ணைச் சுருக்கினாள். "டீ வேணுமான்னு கேக்கறீங்க."

தம்பிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "இல்லக்கா. முட்டாள்ங்கறார். தன்னையத்தான்."

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். சிவப்பு முடிச்சை அவிழ்க்க ரொம்ப நேரம் ஆனது. அவர் போட்ட முடிச்சு அப்படி.

"கூடவே இருந்தும் உன்னை மட்டும் டெஸ்ட் பண்ணாம விட்டுட்டேன்" என்றார்.

"டெஸ்ட் பண்ணி நான் தேறலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"யோசிக்கணும்" என்றார். அவள் பக்கத்திலிருந்த துணிப்பந்தை எடுத்து வீசினாள். குறி தவறித் தம்பி மேல் விழுந்தது.

மறுநாள் போனை வாங்கிப்போக வந்த ஆளை டீ கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மெஷினுக்கு நூல் கட்டவில்லை. பெரிய விளக்கு ஒன்று வந்தது. கடைக்காரர் போதும் போதும் என்கிற வரை அணைத்து ஏற்றிவிட்டுத்தான் வாங்கினாராம். அதற்கடுத்து, தொழிற்சாலையில் சிவப்பு நூல் கட்டி ஒதுக்கிய கீல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். கதவுக்கு ஆகாத இறுக்கம், தள்ளினால்தான் நகரும். இரண்டு பலகையை அதில் பூட்டிப் போனுக்குத் தாங்கி செய்தார். எந்தச் சாய்வில் விட்டாலும் அப்படியே நின்றது. போன் தேறியதாக அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கீலின் தயவில் பாஸ் என்பார்.

தம்பியின் வீடியோவும் வந்தது. எல்லாம் சொல்லி முடித்து, "நம்ம வீட்ல ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும், அதுதான் எங்க டெய்லி யூஸ்" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். இரண்டு கையாலும் ஆடுகிற அந்த கேம் எது என்று வீடியோவுக்குக் கீழே நான்கு பேர் கேட்டிருந்தார்கள்.

சில வருஷம் கழித்து அவர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்துவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டுக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொன்னார். நர்ஸ் சிரித்துக்கொண்டே போனாள். எண்ணெய் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் தாங்கியை மேஜையில் வைத்தாள். தம்பி, "நான் எழுதி அனுப்பிடறேன்க்கா" என்றான். வேண்டாம் என்றாள். எழுத்தில் சொன்னால் மகள் மரியாதையாக அழுவாள்.

திரையில் மகள் வந்து, அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கைகள் பாதிதான் தெரிந்தன போல. கொஞ்சம் சாய்க்கச் சொல்லி விரலைக் காட்டினாள். அவள் பலகையைத் தள்ளினாள். கீல் சத்தம் போடவில்லை. விட்ட இடத்தில் நின்றது. அவள் இரண்டு கைகளையும் தூக்கினாள்.