அம்மாவின் ஐந்து நொடி

என் மனைவி கூடைப்பந்து நடுவர். மைதானத்தில் அவளிடம் யாருடைய பருப்பும் வேகாது. வெளியே போன பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே எறிபவரின் கால் நகத்தளவு தாண்டினாலும் ஊதுவாள், ஐந்து நொடிக்குள் எறியாவிட்டாலும் ஊதுவாள். அதே ஆட்டங்களில் நான் ஓரத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்பவன். வீட்டிலும் வாயை மூடிக்கொண்டு பார்ப்பதுதான் என் வேலை.

எங்கள் மகள் நுரையீரல் நோயில் பல மாதம் படுத்துக் கிடந்து, உயிர் பிழைத்து எழுந்தவள். விளையாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோச்சுக்கு மட்டும் மனம் வரவில்லை. கடைசி சில நிமிடம் இறக்குகிறேன், பந்தை உள்ளே எறியும் வேலையைச் செய்யட்டும், இந்தப் போட்டியில் தேறினால் அணியில் இருக்கட்டும், இல்லையென்றால் இந்த வருடம் ஓய்வு என்றார்.

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் பாய் ஓரம்தான் கோடு. மகள் பந்தோடு நிற்க, அம்மா நடுவர் மாதிரியே நொடிக்கு ஒரு முறை கையை வீசி எண்ணுவாள். அவளுடைய மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு டீ குடித்துவிடலாம். கடிகாரத்தோடு வாழ்பவனுக்கு இது தெரியாதா? மூச்சு வாங்கும் பிள்ளை, போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போட்டியன்று வரவேண்டிய நடுவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பதிலுக்கு என் மனைவியைக் கேட்டார்கள். மகள் ஆடும் ஆட்டத்துக்கு மாட்டவே மாட்டேன் என்றாள். எதிரணி கோச்சே வந்து, நீங்கள் ஊதினால் எனக்குக் கவலை இல்லை என்றதும் வேறு வழியில்லை.

கடைசி நிமிடம். நாங்கள் ஒரு புள்ளி முன்னால். மகள் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். அந்த நேரத்தில் என் கடிகாரம் நின்றுவிடும், நடுவரின் கைதான் ஓடும். கூடைக்குக் கீழே எங்கள் அணியின் நெட்டைப் பெண் தனியாகக் கை தூக்கி நின்றாள். அரங்கமே எறி எறி என்று கத்தியது. மகளோ அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ, வீட்டுக் கணக்கை நம்பி நிற்கிறாளே!

ஐந்தாவது வீச்சில் என் மனைவி விசிலை ஊதினாள். பந்து எதிரணிக்குப் போனது, அவர்கள் கூடையில் போட்டார்கள். கோச் மகளை வெளியே அழைக்க எழுந்தார். அதற்குள் அவள் பந்தை எடுத்துக் கோட்டுக்கு வெளியே போய், அம்மாவின் கை இரண்டாவது முறை வீசுவதற்குள் நெட்டையிடம் நீளமாக எறிந்துவிட்டாள். நெட்டை போட்டது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. தோற்றோம்.

அந்த எறியைப் பார்த்த கோச், திட்டோ திட்டு என்று திட்டிவிட்டு, நாளைக்குப் பயிற்சிக்கு வா என்றார்.

வீடு திரும்பும்போது காரில் என் மனைவி மகளோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல நான் மெதுவா எண்ணிட்டேன்டா கண்ணு. அதான் உனக்கு இப்படி ஆயிடுச்சு."

"அது எனக்கு எப்பவோ தெரியும்மா. நெட்டை நிக்கிறதையும் பாத்தேன். இங்கயும் மெதுவா எண்ணுவியான்னு பாத்துட்டே நின்னுட்டேன்."

"ஏன்டி?"

"நீ ஊதினப்பதான் எனக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு நம்பிக்கை வந்துச்சு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். எனக்குச் சாலை தெரியவில்லை.