விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தவும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கேவலம். ஒரு பெண் என்னிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னார். ஐந்து நிமிட வேலை. ஊருக்குள் ஓரிடத்தில் போய் நின்று நான்கு வாக்கியம் பேச வேண்டும். அதைச் செய்யப் பயந்து, அதற்குப் பதிலாக இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'மார்கழிப் பனி ஏரியின்மேல் வெண்பட்டாய் விரிந்திருந்த அந்த அதிகாலையில், கதிர்வேல் தன் மிதிவண்டியை...'

விட்டுவிட்டேன். வெண்பட்டில் யாரும் விழுந்து கையை உடைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து:

'கதிர்வேல் பொறுப்பான சைக்கிள்காரன். எதிரே ஆள் வந்தால் விளக்கைத் தாழ்த்துவான். அன்று ஒரு பெண் விழுந்த சத்தம் கேட்டதும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்...'

இதையும் விட்டுவிட்டேன். மூன்று வாக்கியத்துக்குள் கதிர்வேல்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. அவன் ஓடினான். நான் ஓடவில்லை. ஆகவே கதிர்வேலை இங்கேயே அனுப்பிவைக்கிறேன். இனி வருவதெல்லாம் நான்.

2

நான் வெண்ணந்தூர்க்காரன். வயது நாற்பத்தெட்டு. அஸ்தம்பட்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன். (கதைக்காகச் செய்துகொண்ட வேலை இல்லை. பதினாறு வருடமாக அதுதான் வேலை.) ஒரு சிறுகதைத் தொகுப்பு போட்டிருக்கிறேன். விற்காத பிரதிகள் கட்டிலின் ஒரு காலுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டுள்ளன. கட்டில் இப்போது ஆடுவதில்லை.

போன வருடம் சர்க்கரை வந்தது. சைக்கிள் வாங்கினேன். சைக்கிளுக்கு ஒரு முன்விளக்கும் வாங்கினேன். அதன் அட்டைப்பெட்டியில் மலையேறுகிற ஒருவனின் படம் போட்டிருந்தது. வெண்ணந்தூர் ஏரிக்கரையில் ஏற மலை எதுவும் கிடையாது. நாலடிப் பாதைதான். நடக்கிறவர்கள், ஆட்டை ஓட்டிப்போகிறவர்கள், பால் கொண்டுபோகிறவர்கள் எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கல் பாவிய சரிவு.

விடியற்காலை ஐந்து மணி இருட்டில் நான் அந்த விளக்கை நேராக நிமிர்த்தி, விட்டுவிட்டு மின்னும்படி வைத்துக்கொண்டு போவேன். எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் கையை நெற்றிக்கு உயர்த்துவார்கள். முதல் நாள் ஒருவர். அடுத்த வாரம் எல்லாரும். கடைசியில் ஊர் என்னை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது, எழுத்தாளனுக்கு வணக்கம் வைக்கிறது என்று நினைத்தேன்.

நானும் தலையசைத்து ஏற்றுக்கொண்டேன்.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருந்தால் நல்லது. சிரிக்காவிட்டாலும் நடந்தது இதுதான். கண் கூசியதால் மறைத்தார்கள் என்பது எனக்குப் புரிய ஒன்றரை மாதமும் ஓர் ஆளின் மணிக்கட்டும் தேவைப்பட்டன.)

3

ஒரு நாள் எதிரே சைக்கிளில் வந்தவர் சாரதாமணி. அப்போது பெயர் தெரியாது. ஒரு சேலையும் பின்னால் கட்டியிருந்த பால்கேனும் தெரிந்தன. அவரும் கையை உயர்த்தினார். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துத்தான் உயர்த்த முடியும். நான் தலையசைத்துக் கடந்தேன்.

பின்னால் சத்தம். சைக்கிள் கல்லில் மோதுகிற சத்தம். பிறகு கேன் உருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று தரம் கல்லில் அடித்துவிட்டு நின்றது.

நான் பிரேக் பிடித்தேன். காலை ஊன்றினேன். திரும்பிப் பார்த்தேன். வெளிச்சமெல்லாம் முன்பக்கம் இருந்ததால் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. விளக்கைக் கழற்றித் திருப்பி அடித்திருக்கலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் கையோடு வந்துவிடும்.

'அந்தக் கணத்தில் என் மனத்துக்குள் ஒரு பெரும் போராட்டமே...'

இல்லை. போராட்டமெல்லாம் இல்லை. கேன்தானே, எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். ஏழரை மணி பஸ்ஸை நினைத்தேன். போய்விட்டேன்.

4

பதினோரு நாள் கழித்து அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் அவர் கணவர் கந்தப்பன், கதர்ச்சட்டையும் முகத்தில் சலிப்புமாக.

"என்ன தொந்தரவுங்க?" என்று கேட்டேன். சீட்டில் எழுத வேண்டுமே.

"கண்ணு தெரியறதில்லீங்க," என்றார் கந்தப்பன். "ஏரிக்கரையில சைக்கிளோட உழுந்துட்டா. மாலைக்கண்ணா இருக்குமுன்னு பால் சொசைட்டில அல்லாரும் சொல்றாங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது," என்றார் சாரதாமணி. "எதுக்கால ஒரு லைட்டு வந்துச்சுங்க. பளிச்சு பளிச்சுன்னு. ஒண்ணுமே தெரியாம போயிருச்சு."

"லைட்டு அல்லாருக்கும்தான் வருது. நீ மட்டும் ஏன் உழுகோணும்?"

சாரதாமணி என்னைப் பார்த்தார். சீட்டு எழுதுகிற ஆளாவது தன் பக்கம் பேச மாட்டாரா என்ற பார்வை. நான் குனிந்து எழுதினேன்: பெயர், வயது நாற்பத்து நான்கு, இரவில் பார்வைக் குறைவு (கணவர் கூற்று). என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே பெரிய பொய் அந்த அடைப்புக்குறிக்குள் ஒளிந்துகொண்டது.

டாக்டர் கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்றார். கந்தப்பன் கேட்டுக்கொண்டார். வெளியே வரும்போது மனைவியிடம் சொன்னது என் மேசைவரை கேட்டது.

"குறை இல்லாட்டி போகட்டும். சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டாச்சு. இனி பால நான் ஊத்திக்கறேன். நீ ஊட்ல இரு."

5

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகவே கட்டுரை எழுதினேன். தலைப்பு 'பொதுப்பாதையில் விளக்கு நாகரிகம்'. விளக்கைத் தரையை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். மின்னவிடக் கூடாது. எதிரே ஆள் வந்தால் உள்ளங்கையால் மறைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும். நடப்பவருக்கே முதல் உரிமை. கடுமையான நடை. 'சில மூடர்கள்' என்றுகூட ஓரிடத்தில் எழுதினேன். பன்மையில் இருந்தால் என்னைக் குறிக்காது என்ற தைரியம். உருக்கமாக இருக்கட்டும் என்று பெயர் சொல்லாத ஒரு பெண்ணையும், மூன்று தரம் கல்லில் அடித்து உருண்ட ஒரு பால்கேனையும் சேர்த்தேன்.

ஊர் வாட்ஸாப் குழுவில் அது பரவியது. சொசைட்டிச் செயலாளர் பூபதி 'அருமை சார்' என்று போட்டு, மூன்று கைதட்டல் படமும் போட்டார். என் தொகுப்புக்கே அவ்வளவு கைதட்டல் வந்ததில்லை. வெட்கம்கெட்டு மகிழ்ந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஃபோன் வந்தது.

"ஏனுங்க, அந்த லைட்டப் பத்தி எழுதுனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"நானு சாரதாமணிங்க. கேனு மூணு தடவ உருண்டுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எழுத்தாளன் வாயில் என்ன வருமோ அதுவே வந்தது. "கற்பனைங்க."

"மூணுதானுங்க உருண்டுச்சு. நானு யாருகிட்டயும் சொல்லல. எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லல. கற்பனைக்கு எப்படிங்க கணக்கு வந்துச்சு?"

 அவர் ஃபோனை வைக்கவில்லை. பின்னால் ஒரு மாடு கத்தியது.

"நாந்தானுங்க," என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"கை கூடிருமுங்க," என்றார். "கை பத்திப் பேச்சில்ல. கண்ணு தெரியாதவன்னு எம்மேல பேரு வந்துருச்சு. பதினெட்டு வருசமா அந்தக் கரையில சைக்கிள்ல போனவ நானு. பால ஊத்திட்டு, அங்கியே நாலு பேரோட நின்னு பேசிட்டு, வெளிச்சம் வந்தப்பறம் மெதுவாத் திரும்பி வருவேன். ஒரு நாளைக்கு அதொண்ணுதானுங்க எனக்கு. இப்ப அதுவும் போச்சு. நீங்க காலைல சொசைட்டிக்கு வந்து, பாலு ஊத்தற நேரத்துல, அல்லாரும் கேக்கறாப்பல சொல்லுங்க. லைட்டு உங்குளுது, தப்பு உங்குளுதுன்னு."

"கட்டாயம் சொல்றனுங்க," என்றேன்.

சொல்லிவிட்டு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

6

கதைக்கு முடிவு தேடினேன். இதுவரை எழுதியவை இரண்டு.

முதல் முடிவில் நான் பேசியதும் சொசைட்டியில் அமைதி நிலவுகிறது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். கந்தப்பன் என் தோளில் கை வைத்து...

இரண்டாம் முடிவில் கந்தப்பன் என்னை அடிக்கிறார். நான் திருப்பி அடிக்காமல் ரத்தம் வழிய நிமிர்ந்து நிற்கிறேன்.

இரண்டையும் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. எதிலும் சாரதாமணி இல்லை. கண்ணைத் துடைக்க யார்யாரோ இருக்கிறார்கள். எனக்கு அழகான ஒரு மூக்கு ரத்தம் இருக்கிறது. ஆனால் பூட்டிய சைக்கிள் பூட்டியபடியே இருக்கிறது. ஒன்பது நாளாக நான் எழுதிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்றுதான். அந்த ஆள் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான்.

நோட்டை மூடினேன். மணி நாலே முக்கால். சைக்கிளை எடுக்காமல் நடந்தே போனேன்.

7

(இந்தப் பகுதியை மட்டும் போய்வந்த பிறகு எழுதுகிறேன். முன்கூட்டி எழுதிப் பார்த்ததில் ஒரு வரிகூட உதவவில்லை.)

சொசைட்டியில் இருபது பேர் இருந்தார்கள். பூபதி அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கந்தப்பன் வரிசையில் ஐந்தாவதாக நின்றார். நான் ஓரமாக நின்று பேச ஆரம்பித்தேன்.

"எல்லோரும் சற்றே செவிசாய்க்க வேண்டும்..."

கேன் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. "என்னங்க?" என்றார் பூபதி. கொஞ்சம் சத்தமாக, "மனித மனம் சில சமயங்களில்..." என்றேன். "சத்தமாச் சொல்லுங்க சார், வெளங்குல." மூன்றாம் தடவை எனக்கு அலங்காரமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

"சாரதாமணியம்மா கண்ணு தெரியாம உழுகுலீங்க. என் சைக்கிள் லைட்டுதான் அவங்க கண்ணுல அடிச்சுது. தப்பு என்னுதுங்க."

கேன்கள் நின்றன.

"நீங்களா? அந்தக் கட்டுர எழுதுனீங்களே?" என்றார் பூபதி.

"ஆமாங்க."

கந்தப்பன் வரிசையைவிட்டு வெளியே வந்தார். அடிக்க வரவில்லை. என்னை நன்றாகப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில சீட்டு எழுதுனதும் நீங்கதான?"

"ஆமாங்க."

"அவ உழுந்த சத்தம் கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க."

"நின்னீங்களா?"

"நின்னனுங்க."

"அப்பறம்?"

இந்தக் கேள்வியைச் சாரதாமணிகூடக் கேட்கவில்லை. "போயிட்டனுங்க," என்றேன். என் காதுக்கே அது யாரோ சொன்னது போலக் கேட்டது.

வரிசையில் நின்ற அத்தாயி என்கிற அம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார். என்னிடம் இல்லை, எல்லாரிடமும். "இத்தன நாளா அந்தப் புள்ளையக் குருடின்னு பேசுனமே. நானும்தான் பேசுனேன்."

 கந்தப்பன் வரிசையில் பழைய இடத்துக்குப் போய் நின்றார். முறை வந்ததும் பாலை ஊற்றினார். வெறும் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் அங்கேயே நின்றிருந்தேன். ஏதோ பாக்கி இருப்பது போலிருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் பூபதி. "அடுத்த ஆளு வரோணும்."

8

கதைக்கு இன்னும் முடிவு வேண்டும். கந்தப்பன் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தாரா? சாரதாமணி கை கூடியதும் மறுபடி கரையில் வருவாரா? 'மறுநாள் விடியலில் தூரத்தில் ஒரு சைக்கிள் மணி...' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடித்தேன். போன முறை நான் சிக்கியது தெரியாததை எழுதி அல்ல, தெரிந்ததை எழுதித்தான் என்றாலும், இந்த முறை கேட்டுவிடுவது என்று சாரதாமணிக்கே ஃபோன் செய்தேன்.

"சொன்னீங்கன்னு அத்தாயி வந்து சொல்லுச்சுங்க," என்றார். "சரீங்க."

"சைக்கிளு...?"

"ஏனுங்க?"

"இல்லீங்க, ஒரு கதை எழுதிட்டிருக்கேன். நடந்தத அப்படியே. கடைசில என்ன ஆச்சுன்னு..."

 சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை.

"உங்க தப்ப எழுதுங்க, வேண்டாங்கல. சைக்கிளு என்னுதுங்க. பூட்டு எங்கூட்டுது. அதுக்கு என்ன பண்றதுன்னு நானும் அவுருமா பேசிக்கறமுங்க. அதுல உங்களுக்கு எழுதறதுக்கு ஒண்ணுமில்ல."

வைத்துவிட்டார்.

முடிவுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த மூன்று பக்கமும் வெறுமையாக இருக்கின்றன. உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும், முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.