ஆறாம் மாதம் வந்தவர்கள்

அந்த ஆய்வில் ஆறாம் மாத நேர்காணலுக்கு இறந்தவர்கள்தான் தவறாமல் வந்தார்கள். உயிரோடு இருந்தவர்களைத் தேடித்தான் அலைய வேண்டியிருந்தது. முதலில் வந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். பேருந்து நிறுத்தத்தில் விழுந்துகிடந்த அவரைத் தூக்கி வந்ததையும், அதே மருத்துவமனையின் பின்வாசலில் வீட்டார் உடலை வாங்கிக்கொண்டு போனதையும் ஆராய்ச்சி மாணவி கண்ணால் பார்த்திருந்தாள். சில வாரம் கழித்து, சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, தலையைப் படிய வாரிக்கொண்டு அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடந்த முப்பது நாளில் குடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார். குடிக்க வேண்டும் என்ற வெறி பத்துக்கு எவ்வளவு என்றாள். பூஜ்யம். தூக்கம்? நல்ல தூக்கம். நடுக்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கையை நீட்டச் சொன்னாள். அலமாரித் தட்டு மாதிரி அசையாமல் நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு, ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கெபாசிட்டரை மாற்றச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குடி, போதை பற்றி முனைவர் பட்டம் வாங்க அவள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஒதுக்கிய இடம் பழைய எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது, கதவு மட்டும் கல்லறைக் கதவு போலக் கனம். அதைத் தள்ளித் திறந்துகொண்டு அவள் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வந்தாரா?”

“வந்தார் சார்.”

“கேட்டதுக்குப் பதில் சொன்னாரா?”

“சொன்னார். ஆனா சார், அவர் செத்துட்டார்.”

“செத்தா சாகட்டும்மா. குடிக்கிறாரா இல்லையா, அதச் சொல்லு.”

குடிக்கவில்லை என்று பதிவானது. அதற்கப்புறம் பெயின்டர் வந்தார், ஆட்டோ ஓட்டியவர் வந்தார், வலி மாத்திரையைக் கைநிறைய விழுங்கிச் செத்துப்போன நர்ஸ் ஒருத்தி வந்தாள். நெறிமுறைக் குழு கூடியது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கிறது, இவர்கள் விலகவில்லையே என்றார் சட்டம் படித்த உறுப்பினர். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்தது. வாட்ச்மேனுக்கு மட்டும் ஏகப்பட்ட சந்தோஷம். “இவங்களால தொந்தரவே இல்ல மேடம். உசுரோட இருக்கறவன் வந்தாத்தான் என் சட்டை பட்டன் போகுது” என்றார். சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்து பெஞ்சில் அமைதியாக உட்கார்ந்தால் அவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம். இதற்கு ஒரு விலக்கும் இருக்கவில்லை.

அவள் இந்தத் துறைக்கு ஏன் வந்தாள் என்பது சேர்க்கைத் தேர்வில் கேட்ட நாலு பேரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவளுடைய அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்டை மேலே ஏற்றியவன்; காலையிலேயே குடித்துவிட்டு லிஃப்ட் குழியில் படுத்துத் தூங்கியவனும் அவனே. வேலை போன பிறகு வீட்டிலேயே கிடந்தான். அம்மா பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து வீட்டை ஓட்டினாள். ஆய்வு விதிப்படி ஆய்வாளரின் சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது. “ஊர்ல இருக்கற குடிகாரனெல்லாம் உனக்கு வேணும். கூடப் பொறந்தவன் வேண்டாம். நல்ல படிப்புடி இது” என்று அம்மா தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல் சொல்லுவாள். ஒருநாள் மகள் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தபோது, மாமா வீட்டு முகவரியைக் கொடுத்து மகனை ஆய்வில் சேர்த்தே விட்டாள்.

திரும்பி வந்தவள் பட்டியலில் அண்ணன் பெயரைப் பார்த்தாள். நீக்கியிருக்க வேண்டும், நீக்கவில்லை. அடுத்து உறை பிரிக்க வேண்டும். ஆய்வில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் உட்காரவைத்துப் பேசும் ஆலோசனை, மீதிப் பேருக்கு ஒரு கையேடு மட்டும். யாருக்கு எது என்பதை ஒட்டிய உறைக்குள் இருக்கும் சீட்டுதான் சொல்லும். அண்ணன் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவள் உறையைப் பிரித்தாள். கையேடு. இழுப்பறை நிறைய வேறு உறைகள் இருந்தன, அறையில் வேறு யாரும் இல்லை, மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் ஒரு உறையை மாற்றினால் மொத்த ஆய்வும் குப்பை என்று முதல் வகுப்பிலேயே பேராசிரியர் சொல்லியிருந்தார். அவள் நல்ல மாணவி. வழவழப்பான அட்டையில் கோப்பைப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட கையேட்டை எடுத்து அண்ணனிடம் நீட்டினாள். அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, “படம் நல்லாருக்கு பாப்பா” என்று சொல்லிப் போனான்.

ஆறாம் மாதம் நெருங்க நெருங்க, அவன் வரக் கூடாது என்று அவள் வேண்டிக்கொள்ளத் தொடங்கினாள். குறித்த நாளில் கதவையே பார்த்தபடி இருந்தாள். வரவில்லை. அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இரண்டு நாள் கழித்து, வாந்தி நாற்றத்தோடு, ஒற்றைச் செருப்போடு, வாட்ச்மேனின் பட்டனைப் பிய்த்து எறிந்துவிட்டு அண்ணன் வந்து சேர்ந்தான். வெறி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டாள். “பதினொன்னு போட்டுக்க” என்றான். ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். தோல்வி என்று பதிவு செய்தாள்.

பன்னிரண்டாம் மாதக் கடைசி நேர்காணலுக்கு அவன் நேரத்துக்கு வந்தான். முந்தின வாரம்தான் ரத்தமாக வாந்தியெடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தான். அடக்கத்தின்போது போட்டுவிட்ட சட்டையையே போட்டிருந்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, விதிப்படி நீங்கள் என்றே அழைத்து, எல்லாக் கேள்வியையும் கேட்டாள். வெறி பூஜ்யம். நகங்கள் முழுசாக வளர்ந்திருந்தன.

ஆய்வு அதோடு முடிய வேண்டியது. முடிந்தால் இவர்கள் வர மாட்டார்கள். அவள் இரண்டு வருட நீட்டிப்புக்கு எழுதினாள், பிறகு ஐந்து வருடத்துக்கு. நிதி வந்தது. இவ்வளவு பேரை இத்தனை காலம் விடாமல் தொடர்ந்த ஆய்வு வேறெங்கும் இல்லை என்று மதிப்பீட்டாளர்கள் பாராட்டினார்கள். பட்டம் வந்தது, வேலை வந்தது, பேராசிரியர் ஓய்வுபெற்றதும் அவருடைய கணினியும் வந்தது. கல்யாணம் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மா நடைபாதையில் வந்து உட்காருவாள். உறவினர் உள்ளே வரக் கூடாது என்பதால், போகும்போதும் வரும்போதும் மகனைப் பார்ப்பதோடு சரி. “இப்பத்தான் மனுஷனா இருக்கான்” என்று பக்கத்தில் இருக்கும் பெயின்டரிடம் சொல்லுவாள். அவரும் ஆமாம்மா என்பார்.

ஒருமுறை அவள் படிவத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அண்ணா, அன்னிக்கி நான் அந்தக் கவர மாத்திக் கொடுத்திருந்தா?”

அவன் நாற்காலியில் திரும்பினான். திறந்திருந்த கதவு வழியாக நடைபாதையைப் பார்த்தான்.

“அந்தக் கவர் கெடச்சவங்களும் வெளியிலதான் இருக்காங்க பாப்பா. எட்டு வாரம் பேசினாங்களாம், நல்லாத்தான் பேசினாங்களாம். பெஞ்சு பத்தாம பாதிப் பேர் நிக்கறாங்க. சீக்கிரம் முடி.”

அவள் படிவத்தைத் திறந்து மிச்சக் கேள்விகளைக் கேட்டு முடித்தாள். நடைபாதைக்கு இன்னும் மூன்று பெஞ்சுகள் வேண்டுமென்று அன்றைக்கே அலுவலகத்துக்கு எழுதினாள். மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டன. அம்மா ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.