எதோடு ஒப்பிட்டு?

இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த இடத்தில் புகார் கொடுக்க வந்த பெண்ணின் தோள் முக்கோணமாக வெந்து கிடந்தது. உதைத்ததில் இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. விழுந்த பல்லைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். இத்தனைக்கும் கீழே, மருத்துவ அறிக்கையில் டாக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த முடிவு: கம்பேரட்டிவ்லி லேசான காயங்கள்.

அறிக்கை காவல் நிலைய மொழிபெயர்ப்பாளரிடம் வந்தது. அவள் தமிழில் எழுதித் தருவதைத்தான் இன்ஸ்பெக்டர் படிப்பார். லேசு என்றால் சமாதானக் கையெழுத்து, புருஷனோடு வீடு. போன மாதம் இதே பெண் கை உடைந்து வந்தபோது, “ஒப்பீட்டளவில் லேசானவை” என்று அவள்தான் எழுதித் தள்ளினாள். செருப்பு கடித்தாலும் வெயில் கொளுத்தினாலும் “கம்பேரட்டிவ்லி பரவால்ல” என்கிற வாய். கை மட்டும் யோசிக்குமா?

பெஞ்சில் புருஷன் காலாட்டிக்கொண்டிருந்தான். “எங்க அண்ணன் அடிச்சுப் பாத்திருக்கீங்களா மேடம்? அதுக்கு நான்லாம் தடவிக் குடுக்கற ஆளு.”

“இன்னிக்கு அனுப்புனீங்கன்னா கொன்னுடுவாருக்கா” என்றாள் மனைவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மொழிபெயர்ப்பாளர் டாக்டருக்குப் போன் போட்டாள். “லேசுன்னு எழுதியிருக்கீங்களே, எதோட ஒப்பிட்டு?”

“என்னம்மா கேள்வி? இந்த வாரம் புருஷன் அடிச்சு மூணு பேர் வந்தாங்க. மூணும் பிணம். அதப் பாத்த கண்ணுக்கு இது லேசுதான்.”

“அப்படியே எழுதிக்கட்டுமா?”

“எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்.”

இன்ஸ்பெக்டர் வழக்கம்போல புருஷன் மனைவி இருவரையும் நிற்கவைத்து உரக்கப் படித்தார். “இந்த வாரம் அடிபட்டுச் செத்த மூன்று பெண்களோடு ஒப்பிட்டால், காயங்கள் லேசானவை.” சமாதானப் படிவத்தை மேஜைக்குள் தள்ளினார்.

“இவன உள்ள போடுங்கய்யா.”

அவன் மேஜையைத் தாண்டிப் பாய்ந்து மனைவியின் கழுத்தைப் பிடித்தான். காவலர்கள் இருவர் லத்தியால் விரல்களை நெம்பித்தான் எடுக்க முடிந்தது. கம்பிக் கதவு சாத்தும்வரை உதைத்துக்கொண்டே இருந்தான்.

மொழிபெயர்ப்பாளர் தண்ணீர் கொடுத்தாள். மனைவி இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“போன மாசம் ஏங்க்கா கேக்கல?”

மொழிபெயர்ப்பாளர் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.