சிமிலியும் மெட்டஃபரும்

ஆவடி குவார்ட்டர்ஸில் மழை பிடித்துக்கொண்ட ஞாயிறு மதியம். தூரத்து ரயிலின் ஓசை மழையில் கரைந்து, கனவில் கேட்பதுபோல் கேட்டது. தீபிகாவின் அப்பாவுக்கு இரண்டாந்தாரமாக வந்து இரண்டு வருடமாகியும், புஷ்பா அந்த வீட்டில் விருந்தாளிபோல் ஓசைப்படாமல்தான் நடப்பாள். இன்று தீபிகாவே தன் பத்தாம் வகுப்பு ஆங்கில நோட்டை அவள் மடியில் வைத்து, "கேள்வி கேளு சித்தி" என்றாள்.

"சிமிலின்னா இன்னா?"

"மாதிரின்னு சேத்துச் சொல்றது. 'சித்தி அம்மா மாதிரி.'"

புஷ்பா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "மெட்டஃபர்?"

"அந்த 'மாதிரி'ய எடுத்துட்றது."

"உதாரணம்?"

தீபிகா ஜன்னலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். "சித்தி அம்மா."

அடுத்த கேள்விக்குப் புஷ்பா போகவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.